பழைய பெட்டியில் புது கேம்: காசை எங்கே போடுவது?

வன்னிப் பக்கத்து வீடுகளில் இருக்கும் மேசைக் கணினிகளில் பல, கடையில் புதிதாக வாங்கியவை அல்ல. வெளிநாட்டு அலுவலகங்கள் பாவித்துக் கழித்துவிட்ட டெல், எச்பி, லெனோவோ பெட்டிகள் கொழும்பில் இறங்கி, வவுனியா, யாழ்ப்பாணக் கடைகள் வழியாக நெடுங்கேணிக்கு வந்து சேர்ந்தவை. உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் எடுத்த பிள்ளைக்கென்றோ, கொரோனாக் காலத்து ஒன்லைன் வகுப்புக்கென்றோ வாங்கியது. இப்போது அதே பிள்ளை, “இதில வலோரன்ட் ஓடாதோ? ஜிடிஏ ஓடாதோ?” என்று கேட்கிறது. புதுக் கணினி வாங்கும் நிலை பல வீடுகளில் இல்லை. 2022இல் 200 ரூபாவில் இருந்த டொலர் 360 ரூபாவரை ஏறி, பிறகு 300 ரூபா அளவில் நின்றது. 2024 தொடக்கத்தில் வற் வரியும் 15இல் இருந்து 18 சதவீதமானது. இறக்குமதியாகும் பாகங்களின் விலை பழையபடி இறங்கவில்லை.

பழைய பெட்டியில் கேம் ஓடும். ஆனால் எதை முதலில் வாங்குவது என்ற ஒழுங்கு பிழைத்தால் காசும் போய், கேமும் ஓடாது. ஒவ்வொரு பாகத்தையும் வாங்குமுன் ஒரேயொரு கேள்வியைக் கேளுங்கள்: இந்தப் பெட்டி நாளைக்குப் பழுதானால், இந்தப் பாகம் அடுத்த பெட்டிக்குப் போகுமா? போகுமென்றால் புதிதாக, உத்தரவாதத்தோடு வாங்கலாம். போகாதென்றால் பாவித்ததாக, மலிவாக வாங்குங்கள்; இல்லையேல் விட்டுவிடுங்கள். கீழே வரும் ஆலோசனை முழுவதும் இந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

எந்தத் தலைமுறைப் பெட்டி?

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதில் பெர்போமன்ஸ் பகுதிக்குப் போனால் புரொசசரின் பெயர் தெரியும். இன்டெல் என்றால், கோட்டுக்குப் பின்னால் நான்கு இலக்கம் இருந்தால் அதில் முதல் இலக்கம்தான் தலைமுறை. ஐ5-2400 என்றால் இரண்டாம் தலைமுறை, ஐ5-4570 நான்காம் தலைமுறை, ஐ5-8500 எட்டாம் தலைமுறை. ஐ5-650 போல மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் முதலாம் தலைமுறை.

கோர் 2 டுவோ, முதலாம் தலைமுறை: கேமுக்கென்று ஒரு சதமும் போடாதீர்கள். ஈஏ நிறுவனத்தின் கிரிக்கெட் 07 போன்ற பழைய ஆட்டங்கள் இப்போதே ஓடும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டாம், மூன்றாம் தலைமுறை: டிடிஆர்3 ராம் போடும் பெட்டிகள். அடுத்த பெட்டிக்குப் போகக்கூடிய பாகங்களை மட்டும் இதில் பொருத்தலாம். இவற்றின் புரொசசரில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி இல்லை. அது இல்லாவிட்டால் திறக்கவே மறுக்கும் புதிய கேம்களும் உண்டு.

நான்காம் தலைமுறை தொடக்கம் ஏழாம் தலைமுறை வரை: காசு போட்டால் பயன் தரும் பெட்டிகள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இவற்றைப் பற்றியது.

எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும்: ஐ5இலேயே ஆறு கோர், டிடிஆர்4 ராம், விண்டோஸ் 11க்கு அதிகாரபூர்வ ஆதரவு. கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைப் போட்டால் போதும்.

அடுத்து கேசிங்கைப் பாருங்கள். அலுவலகப் பெட்டிகளில் உயரமான டவரும் உண்டு, படுக்கவைக்கும் ஒடுங்கிய பெட்டியும் உண்டு. ஒடுங்கியதற்குள் சாதாரண உயரக் கார்ட் போகாது. அரை உயரக் கார்ட்தான் வேண்டும். அதற்குத் தெரிவும் குறைவு, விலையும் கூட. இன்னும் பெட்டியே வாங்கவில்லை என்றால் டவரைத்தான் கேட்டு வாங்குங்கள்.

சுவரில் இருந்து தொடங்குங்கள்

கிராபிக்ஸ் கார்ட் வாங்கும் முன் பிளக்பொயின்ரைப் பாருங்கள். கணினியின் உலோகக் கேசிங்கைத் தொட்டால் மெல்லச் சுள்ளென்கிறதா? அப்படியென்றால் புவித்தொடுப்பு சரியில்லை. வன்னியில் வைகாசி தொடங்கி ஆவணி வரை மண் காய்ந்து கிடக்கும். காய்ந்த மண்ணில் புதைத்த எர்த் கம்பி மின்னைச் சரியாக இறக்காது. மாரியில் தெரியாத இந்தக் குறை கோடையில் தலைகாட்டும். எலக்ட்ரீசியன் ஒருவரைக் கூப்பிட்டு எர்த் கம்பியையும் ட்ரிப் சுவிட்சையும் சோதித்துக்கொள்ளுங்கள். இது கணினிக்கு மட்டுமல்ல, வீட்டில் உள்ளவர்களின் உயிருக்கும் பாதுகாப்பு.

இரண்டாவது, இடி மின்னல். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரங்களில் இடி இறங்கும். சேர்ஜ் புரொடெக்டர் சிறிய ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். பக்கத்தில் விழும் மின்னலைத் தாங்காது. இடி முழங்கத் தொடங்கியதும் சுவிட்சை நிறுத்தினால் போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். ரவுட்டரில் இருந்து கணினிக்கு வரும் வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாக வந்து மதர்போர்ட்டைக் கருக்கிவிட்டுப் போவதுண்டு. கருகிய அடையாளம் இருந்தால் உத்தரவாதம் செல்லாது என்று கடைப் பில்லின் அடியிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

மூன்றாவது, யூபிஎஸ். 650 விஏ என்று விற்கும் சிறிய யூபிஎஸ் உண்மையில் 360 முதல் 390 வாட்வரைதான் கொடுக்கும். கரண்ட் போன பிறகும் தொடர்ந்து விளையாடுவதற்கான பொருள் அல்ல அது. ஆட்டத்தை மூடி, கணினியை ஒழுங்காக நிறுத்த நாலைந்து நிமிடம் தரும். வாங்கும் காசு வீண்போகாது. அடுத்த பெட்டிக்கும் அதே யூபிஎஸ் போகும்.

அதிகக் காசில்லாமல் செய்யும் வேலை

பழைய பெட்டி மெதுவாவதற்குப் பெரிய காரணம் வயது அல்ல, சூடு. புரொசசர் அளவுக்கு மீறிச் சூடேறினால் தன்னைக் காப்பாற்ற வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் 35 பாகை வெப்பத்தில் இருக்கும் அறையில், தூசி அடைத்த கணினி கேமைத் திறந்து பத்து நிமிடத்தில் திணறும். ஆட்டம் தொடக்கத்தில் நன்றாக ஓடிப் பிறகு இழுக்கத் தொடங்கினால் சூட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோய்த் திறந்து, மென்மையான தூரிகையாலும் ப்ளோவராலும் தூசியை அகற்றுங்கள். காற்றடிக்கும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். புரொசசரின் மேல் காய்ந்துபோயிருக்கும் பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதுத் தேர்மல் பேஸ்ட் பூசுங்கள். இந்தப் பட்டியலில் இதைவிட மலிவான செலவு இல்லை. பின்பக்கத்தில் கார்ட் இல்லாத ஓட்டைகளைத் தகட்டால் மூடுங்கள். எறும்பும் பல்லியும் உள்ளே போய்ப் பவர் சப்ளையைக் கெடுப்பது எங்கள் பக்கத்தில் புதினமில்லை. பெட்டியை நிலத்தில் வைக்காமல் ஒரு பலகை உயரத்தில் வையுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு விருப்பமான கேமை ஓட்டி, பக்கத்தில் டாஸ்க் மனேஜரைத் திறந்து பாருங்கள். ராம் 90 சதவீதத்துக்கு மேல் நிற்கிறதா? டிஸ்க் 100இல் நிற்கிறதா? சிபியு 100இல் நிற்கிறதா? அல்லது கிராபிக்ஸா? எது முதலில் முட்டுகிறதோ அதுதான் உங்கள் பெட்டியின் குறை. நண்பன் என்ன வாங்கினான் என்று பார்த்து வாங்காதீர்கள். உங்கள் டாஸ்க் மனேஜர் சொல்வதைப் பார்த்து வாங்குங்கள்.

எஸ்எஸ்டியும் ராமும்

இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஓடுகிறதென்றால் முதல் காசு எஸ்எஸ்டிக்குத்தான். ஹார்ட் டிஸ்க் ஒரு செக்கனில் 100 முதல் 150 மெகாபைட் வாசிக்கும். சாட்டா எஸ்எஸ்டி 500க்கு மேல் வாசிக்கும். இது கேமின் ஃப்ரேம் எண்ணிக்கையைக் கூட்டாது. ஆனால் வரைபடம் ஏறும் நேரம் குறையும், நடுவில் இழுபடுவதும் குறையும், பாடசாலை வேலைக்கும் கணினி புதிதுபோல் இருக்கும். கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மட்டுமே 85 ஜிபி இடம் கேட்கிறது. ஆகையால் 240 ஜிபி வாங்கிவிட்டு வருந்துவதைவிட 480 அல்லது 512 ஜிபி வாங்குங்கள். நான்காம் தலைமுறை அலுவலகப் பெட்டிக்கு என்விஎம்இ வகை வேண்டாம். அதைப் பொருத்தும் இடம் பெரும்பாலும் இருக்காது. ஒன்லைனில் இரண்டு டெராபைட் என்று நம்பமுடியாத விலைக்கு வருபவை போலி.

ராம் குறைந்தது 8 ஜிபி வேண்டும். 16 இருந்தால் நிம்மதி. அளவோடு எண்ணிக்கையும் முக்கியம். 8 ஜிபி ஒரு துண்டாக இருப்பதைவிட 4 ஜிபி இரண்டு துண்டாக இருப்பது வேகம் கூடியது, ஏனெனில் இரண்டு பாதையில் தரவு போய்வரும். தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாமல் புரொசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸில் விளையாடுபவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இரண்டு துண்டும் மதர்போர்ட்டில் சரியான ஜோடி இடங்களில் இருக்க வேண்டும். டெல் போன்ற சில பெட்டிகளில் அந்த இடங்கள் நிறத்தால் காட்டப்பட்டிருக்கும்.

டிடிஆர்3 ராம் அடுத்த பெட்டிக்குப் போகாது. எனவே பாவித்ததையே வாங்குங்கள். வாங்கும்போது இரண்டு பொறிகளுக்குத் தப்ப வேண்டும். ஏஎம்டி பெட்டிக்கு மட்டும் என்று வரும் மலிவான 8 ஜிபி டிடிஆர்3 இன்டெல் போர்ட்டில் வேலை செய்யாது. சேர்வர்களில் இருந்து கழற்றிய ரெஜிஸ்டர்ட் ராமும் செய்யாது.

புதிய டிடிஆர்4, டிடிஆர்5 வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் ராமை அள்ளிக்கொண்டு போவதால் 2025 பிற்பகுதியில் உலகச் சந்தையில் விலை கடுமையாக ஏறியது. க்ரூஷல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு ராமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரோன் நிறுவனம், அந்த வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. கையில் இருக்கும் பழைய ராமைத் தூக்கி எறியாமல், பழைய பெட்டியை இன்னும் ஒன்றிரண்டு வருடம் ஓட்ட இது இன்னொரு காரணம்.

கார்ட்டுக்கு முன் பவர் சப்ளை

கிராபிக்ஸ் கார்ட்டை வாங்கிவந்த பிறகு பவர் சப்ளையைப் பார்ப்பவர்கள்தான் அதிகம். வரிசை மாற வேண்டும். டெல் ஒப்டிபிளெக்ஸ் 3020, 9020 டவர்களில் 290 வாட் பவர் சப்ளை இருக்கும். ஐ5-4570 புரொசசரின் மின்தேவை 84 வாட், கூடுதல் மின்வயர் கேட்காத கார்ட் 75 வாட், மற்றவை எல்லாம் சேர்த்து 40 வாட் என்று வையுங்கள். கூட்டினால் 200 வாட் அளவுதான். அலுவலகப் பெட்டியோடு வரும் பவர் சப்ளை தரமானது. அதை மாற்றாமலே 75 வாட் கார்ட் ஒன்றை ஓட்டலாம்.

அதற்கு மேல் கார்ட் வேண்டுமென்றால்தான் சிக்கல். இந்த டெல் போர்ட்டுகளில் வழக்கமான 24 முள் இணைப்பு இல்லை. டெல்லுக்கே உரிய 8 முள் இணைப்புத்தான் இருக்கும். சாதாரணப் பவர் சப்ளையைப் போட மாற்றி வயர் தேவை.

கடையில் கேசிங்கோடு சேர்த்துத் தரும் பவர் சப்ளையின் மேல் 500 வாட் என்று எழுதியிருப்பதை நம்பவேண்டாம். பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் என்ற நிரலின் கீழ் எத்தனை அம்பியர் என்று பாருங்கள். 18 அம்பியர் என்றால் 12ஆல் பெருக்குங்கள்: 216 வாட். புரொசசரும் கிராபிக்ஸ் கார்ட்டும் உண்பது இந்த 12 வோல்ட்டைத்தான். பெரிய எழுத்தில் இருப்பது விளம்பரம், சிறிய எழுத்தில் இருப்பதுதான் உண்மை. சாட்டா வயரில் இருந்து கார்ட்டுக்கு மின் எடுக்கும் மலிவு மாற்றி வயரையும் தவிருங்கள். அது உருகித் தீப்பிடிக்கக்கூடிய பொருள்.

நல்ல பெயருள்ள 450 அல்லது 550 வாட் பவர் சப்ளை அடுத்த பெட்டிக்கும் போகும். அதைப் பாவித்ததாக வாங்காதீர்கள்.

கிராபிக்ஸ் கார்ட்: காசின் பாதி இங்கே

எதை வாங்கக்கூடாது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜிடி 710, ஜிடி 730. “நாலு ஜிபி கார்ட் தம்பி” என்று சொல்லித் தருவார்கள். கார்ட்டில் நினைவகம் எவ்வளவு என்பது அதன் வலுவைச் சொல்லாது. இவை படம் பார்க்கவும் இரண்டாவது மொனிட்டர் கொழுவவும் ஏற்றவை, கேமுக்கு அல்ல. இவற்றின் கெப்லர் வகைச் சிப்புக்கு என்விடியா புதிய கேம் டிரைவர் தருவதை 2021இலேயே நிறுத்திவிட்டது.

ஜிடி 1030 இரண்டு வகையில் இருக்கிறது. ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு 2017இல் வந்தது ஒன்று, டிடிஆர்4 நினைவகத்தோடு 2018இல் வந்தது இன்னொன்று. பெயர் ஒன்றே; பின்னதன் நினைவக வேகம் முன்னதில் மூன்றிலொரு பங்குதான். வேறு வழியில்லாமல் இதை வாங்கினால் பெட்டியில் ஜிடிடிஆர்5 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆர்எக்ஸ் 6400. 53 வாட்தான் உண்ணும், கவர்ச்சியாக இருக்கும். ஆனால் மதர்போர்ட்டோடு நான்கு தடத்தில் மட்டுமே பேசும். பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 போர்ட்டில் அந்த நான்கு தடம் போதாமல் வேகம் விழும். இன்டெல் ஆர்க் கார்ட்டுகளும் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத பழைய போர்ட்டுகளுக்கு ஒத்துவராது.

இனி வாங்கக்கூடியவை. கூடுதல் மின்வயர் இல்லாமல், இருக்கும் பவர் சப்ளையிலேயே ஓடும் கார்ட் மூன்று. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 2016இல் வந்தது, 4 ஜிபி. வலோரன்ட், ஜிடிஏ 5, கவுன்டர் ஸ்ட்ரைக் போன்றவற்றை நடுத்தர அமைப்பில் ஓட்டும். ஆனால் அதன் பாஸ்கல் தலைமுறைக்கான கேம் டிரைவர் 2025 ஒக்டோபரோடு முடிந்தது; பாதுகாப்புத் திருத்தம் மட்டும் இன்னும் சில வருடம் வரும். ஆகவே மிக மலிவாகக் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 அதைவிட வலுவானது, டிரைவர் ஆதரவும் இருக்கிறது. பாவித்த கார்ட்டுகளில் என் முதல் தெரிவு இதுதான். வாங்கும்போது மின்வயர் கேட்காத வகையா என்று பாருங்கள். கேட்கும் வகையும் உண்டு. 2024 பெப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை 70 வாட். புதிதாக வாங்கக்கூடியவர்களுக்கு ஏற்றது. எட்டாம் தலைமுறைப் பெட்டிக்கு மாறும்போது அதையும் கழற்றிக் கொண்டுபோகலாம்.

நல்ல பவர் சப்ளை இருப்பவர்கள் ஆர்எக்ஸ் 570, 580 கார்ட்டுகளை மலிவாகப் பார்ப்பார்கள். விலைக்கு வலு அதிகம், உண்மை. ஆனால் 150 முதல் 185 வாட் வரை உண்ணும் இவற்றில் பல கிரிப்டோ மைனிங்கில் இரவு பகலாக ஓடியவை. 2022 செப்டெம்பர் 15இல் எதீரியம் தன் முறையை மாற்றியதும் கிராபிக்ஸ் கார்ட் மைனிங் படுத்துவிட்டது. அந்தக் கார்ட்டுகள் உலகம் முழுவதும் சந்தைக்கு வந்தன. மைனிங் செய்த கார்ட் எல்லாம் கெட்டதல்ல. விசிறியும் பேஸ்டும் தேய்ந்திருக்கும். சிலவற்றின் உள் மென்பொருளையும் மாற்றியிருப்பார்கள். ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஒன்றை மறக்கவேண்டாம். 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ், 2025 மேயில் வந்த டூம் த டாக் ஏஜஸ் போன்ற கேம்கள் ரே ட்ரேசிங் வசதியுள்ள கார்ட் இல்லாமல் திறக்கவே திறக்காது. ஜிடிஎக்ஸ் என்று தொடங்கும் எந்தக் கார்ட்டுக்கும் அவை எட்டாது.

மொனிட்டரையும் பாருங்கள். பாவித்த மொனிட்டர்களில் பலவற்றில் விஜிஏ இணைப்பு மட்டுமே இருக்கும். வாங்கலாம் என்று மேலே சொன்ன கார்ட்டுகளில் விஜிஏ இல்லை. எச்டிஎம்ஐயில் இருந்து விஜிஏக்கு மாற்றும், உள்ளே சிப் உள்ள மாற்றியை அதே பயணத்தில் வாங்கிவிடுங்கள். பழைய 1366 தர 768 மொனிட்டரைக் குறையாக நினைக்கவும் வேண்டாம். முழு எச்டியில் வரையும் புள்ளிகளில் பாதிதான் அதில் வரைய வேண்டும். அதனால் சிறிய கார்ட்டே நல்ல ஃப்ரேம் தரும்.

புரொசசரை எப்போது மாற்றுவது?

லான்ட்மாஸ்டரில் லொறிப் பெட்டியைக் கொழுவினால் என்ன நடக்குமோ, இரண்டு கோர் ஐ3இல் பெரிய கார்ட்டைப் போட்டாலும் அதுவே நடக்கும். ஐ3-4130 போன்றது இருந்தால் அதே சொக்கெட்டில் போகும் ஐ5-4570 அல்லது ஐ7-4770 பாவித்ததாக வாங்குங்கள். ஏற்கெனவே ஐ5 இருந்தால் ஐ7க்குப் போகும் காசைக் கார்ட்டில் போடுவது நல்லது. இந்தப் புரொசசர் அடுத்த பெட்டிக்குப் போகாது என்பதால் இதற்கு ஒரு எல்லை வையுங்கள்: மொத்தச் செலவில் பத்திலொரு பங்குக்கு மேல் வேண்டாம்.

முள் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதே என்று ஏமாறவும் வேண்டாம். ஆறாம், ஏழாம் தலைமுறைப் போர்ட்டும் எட்டாம், ஒன்பதாம் தலைமுறைப் போர்ட்டும் 1151 முள்தான். ஆனால் ஒன்றின் புரொசசர் மற்றதில் வேலை செய்யாது. மதர்போர்ட்டை மாத்திரம் மாற்றும் யோசனை வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அது புதுக் கணினி வாங்கும் வேலை.

கடையில் நிற்கும்போது

நெடுங்கேணியில் இருந்து புளியங்குளம் போய், ஏ9 வீதியால் வவுனியாவுக்கு இறங்கினால்தான் தெரிவுள்ள கடைகள். பிழையான பாகத்தைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு நாள் கூலியும் பஸ் காசும் போகும். எனவே பெட்டியின் மாதிரி இலக்கம், மதர்போர்ட், பவர் சப்ளை அட்டவணை, உள்ளே இருக்கும் இடம் ஆகியவற்றைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் பெட்டியையே கொண்டுபோய், “அண்ணை, இதில போட்டு ஒருக்கா ஓட்டிக் காட்டுங்கோ” என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார். மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

பாவித்த கார்ட் என்றால் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். பழைய சிப்பில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் மாற்றி விற்கும் போலிகளை அது பிடித்துக் காட்டிவிடும். பிறகு ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளைப் போட்டுப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். திரையில் கோடு, புள்ளி, கறுப்பு விழுகிறதா என்று பாருங்கள். சூடு 85 பாகையைத் தாண்டினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விடுங்கள். பாவித்த டிஸ்க்கின் நிலையைப் பார்க்க கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள் இருக்கிறது.

பில்லின் அடியில் இருப்பதை வாசியுங்கள். ஒரு வருட உத்தரவாதம் என்றால் 350 நாள் என்று அச்சிடுவது இலங்கைக் கணினிக் கடைகளில் வழக்கம். பாகத்தை மாற்ற நீங்கள் கொண்டுபோக வேண்டிய இடம் வவுனியாவா, கொழும்பா என்பதையும் கேளுங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும் கார்ட் பழுதானால், கொழும்புக்குப் போய்வரும் செலவே அந்த மலிவைத் தின்றுவிடும். ஒன்லைனில் வாங்கினால் பொருளைக் கையில் வாங்கி, பெட்டியைத் திறப்பதையே வீடியோ எடுங்கள். முன்பணம் அனுப்பச் சொல்லும் தனியாளுக்கு அனுப்பாதீர்கள்.

விண்டோஸும் இணையமும்

ஸ்டீம் 2024 ஜனவரி 1 தொடக்கம் விண்டோஸ் 7, 8 இரண்டையும் கைவிட்டுவிட்டது. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14இல் முடித்தது. பதிவு செய்துகொள்பவர்களுக்கு மேலும் ஒரு வருடம், 2026 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏறாது. சுற்றுவழியில் ஏற்றலாம்தான். ஆனால் விண்டோஸ் 11இல் வலோரன்ட், டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். பழைய பெட்டியில் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். லினக்ஸ் மின்ட் போட்டால் கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 ஆகியவையும் ஸ்டீமின் புரோட்டன் வழியாகப் பல கேம்களும் ஓடும். வலோரன்ட்டும் ஃபோர்ட்நைட்டும் ஓடாது. கிராக் செய்த கேமும் விண்டோஸும் வேண்டாம். வீட்டாரின் வங்கிக் கணக்கும் பிள்ளையின் மின்னஞ்சலும் அதே கணினியில் இருக்கின்றன.

ஒரு கேமை இறக்கவே மாத டேட்டாவில் பாதி போய்விடும். ஸ்டீமில் 2023 தொடக்கம் ஒரு வசதி இருக்கிறது: ஒரே ரவுட்டரில் இணைந்த இரண்டு கணினிகளுக்கிடையே கேமை அப்படியே மாற்றலாம். ஊரில் ஒருவர் இறக்கினால் மற்றவர்கள் அவர் வீட்டுக்குப் பெட்டியைக் கொண்டுபோய் எடுத்துக்கொள்ளலாம். விளையாடும்போது வைபையை விட வயர்தான் நிலையானது. வலோரன்ட்டில் மும்பை, சிங்கப்பூர் சேர்வர்கள் இரண்டையும் மாற்றிப் பார்த்து, பிங் குறைந்ததை வைத்துக்கொள்ளுங்கள். பிங் அதிகம் என்றால் கார்ட்டை மாற்றிப் பயனில்லை.

எவ்வளவுக்கு எவ்வளவு?

விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் பங்காகச் சொல்கிறேன். நூறு ரூபா இருந்தால் 50 ரூபா கிராபிக்ஸ் கார்ட்டுக்கு, 20 ரூபா எஸ்எஸ்டிக்கு, 15 ரூபா யூபிஎஸ்ஸுக்கு, 10 ரூபா பாவித்த ராமுக்கோ புரொசசருக்கோ, மிச்சம் 5 ரூபா பேஸ்டுக்கும் மாற்றி வயருக்கும். இதில் 85 ரூபா அடுத்த பெட்டிக்குப் போகும். ஒரேயடியாகச் செய்யவும் வேண்டாம். காலபோக அறுவடைக் காசு மாசி, பங்குனியில் கைக்கு வந்தால் அப்போது எர்த், யூபிஎஸ், எஸ்எஸ்டி, ராம். சிறுபோகம் முடிந்ததும் கார்ட். இடையில் இருக்கும் மாதங்களில் டாஸ்க் மனேஜரைப் பார்த்து உண்மையில் எது தேவை என்று முடிவு செய்யலாம்.

கடைசியாக ஒரு கணக்கு. கார்ட்டை விட்டுவிட்டு, ராம், புரொசசர், பவர் சப்ளை மாற்றி வயர் என்று பழைய பெட்டிக்குள்ளேயே முடங்கப்போகும் செலவை மட்டும் கூட்டுங்கள். அது ஒரு பாவித்த எட்டாம் தலைமுறை ஐ5 டவரின் விலையில் மூன்றிலொன்றைத் தாண்டினால் மேம்படுத்தாதீர்கள். பழையதை விற்று அந்த டவரை வாங்குங்கள். எஸ்எஸ்டி, யூபிஎஸ், கார்ட் மூன்றையும் அதற்கு மாற்றுங்கள். தாண்டாவிட்டால் இருக்கும் பெட்டியே இன்னும் இரண்டு வருடத்துக்குப் போதும்.